கொடியில் கிடந்த சட்டை

அப்பா கொழும்புக்குத் தோணி ஏறுவதற்கு முந்தின சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது. வந்தது என்றால் நடந்து வரவில்லை. ஒழுங்காக நடக்கிற வயது அதற்கு இன்னும் ஆகவில்லை. அப்பா சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி, அதை உள்ளே போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் குனிந்து காட்டியபோது அவருடைய நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவிலிருந்து ஒரு கறுப்பு மூக்கு எட்டிப் பார்த்தது. எழுந்து ஓடிய வேகத்தில் என் மடியிலிருந்த கடலையெல்லாம் கொட்டிப்போயிற்று. அதைப் பற்றி அம்மா திட்டியதுகூட எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

சங்குக் கிடங்குக்குப் பின்னால் கிடந்ததாம். கடலில் மூழ்கிக் குளிகாரர்கள் எடுத்து வரும் சங்குகளைச் சதை அழுகிக் கழியும்வரை அங்கேதான் போட்டு வைப்பார்கள். அந்த வாடையில் மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்; ஊர் நாய்களோ அங்கேயே குடும்பம் நடத்தின. தாய் நாய் பட்டாள லாரியில் அடிபட்டுப் போய்விட, இது ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது.

“நான் வாரதுவரைக்கும் வீட்டுக்கு ஒரு ஆம்பளை வேணும்லா?” என்றார் அப்பா.

“ஆம்பளையப் பாரு, ஆம்பளைய!” என்று அம்மா அதன் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள். ஆனாலும் ஒரு சிரட்டையில் பால் ஊற்றி வைத்தாள்.

அன்று ராத்திரி அது அப்பாவின் சட்டைக்குள்ளேயே தூங்கியது. சட்டைக்குள் அப்பாவும் இருந்தார். மல்லாந்து படுத்த மனிதர் விடியும்வரை புரளவில்லை. காலையில் எழுந்து குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நான் நாய்க்குச் சங்கு என்று பெயர் வைத்தேன். கிடங்கிலிருந்து வந்ததற்கு வேறென்ன பெயர் வைப்பது?

அப்பாவின் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு வெங்காய மண்டியில் இருந்தார். தோணியில் ஏறும் மூட்டைகளோடு தானும் ஏறிக் கொழும்புவரை போய், சரக்கைச் சேர்ப்பித்துவிட்டுத் திரும்புவார். நாங்கள் பனங்காட்டு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கடல் எங்களுக்குப் புதிது. தலைமுறை தலைமுறையாகத் தோணி ஓட்டுகிற வீடுகளில் மாதாவைக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாகப் புறப்பட்டுப் போவார்கள். கடலைக் கண்டு நடுங்கிய நாங்கள்தான் ஆயிரம் சாங்கியம் வைத்திருந்தோம். அதில் முக்கியமானது துணி. கடல் ஏறுகிற அன்று அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்கக்கூடாது. அவர் கரை சேர்ந்தார் என்ற செய்தி வரும்வரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் அங்கே அவர் நனைவார். அவ்வளவுதான். இதற்கு மேல் யாரும் விளக்கம் சொன்னதில்லை. அப்பாவின் சட்டை வீட்டுக்குள் கொடிக்கயிற்றில் கிடக்கும். மழைச் சாரல் அடிக்கிற பக்கம் இருந்தால் அம்மா அதை நகர்த்தி நகர்த்திப் போடுவாள்.

இந்தச் சாங்கியத்துக்கெல்லாம் காவல் அத்தைதான். அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் வளவில் இரண்டே வீடு, ஒன்றில் நாங்கள், மற்றதில் அவள். நடுவில் ஒரு சுவர், பின்னால் பொதுவாக ஒரு கிணறும் துவைகல்லும். அத்தை வீட்டில் அத்தை மட்டும்தான். மாமா கொழும்பில் கடை வைத்திருந்தார். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவரும் அப்பாவைப் போலச் சரக்கோடு போனவர், நான் தொட்டிலில் கிடந்த காலத்தில் போனவர். “கடையை விட்டுட்டு எப்படிட்டி வருவாரு? நல்ல ஆளு கெடச்சா ஒப்படச்சிட்டு வருவாரு” என்பாள் அத்தை. வரும்போது தகர டப்பா நிறையப் பிஸ்கோத்து கொண்டுவருவார் என்றும் சொல்வாள். பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அந்நேரம் வானத்தைப் பார்ப்பார்கள், மழை வருமா என்று கேட்பார்கள். எனக்கு அந்தப் பிஸ்கோத்தின் மேல்தான் கண். அத்தை காலையில் குளித்ததும் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள். அவள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதன்மேல் நான் உட்கார்ந்தால்கூட அதட்டுவாள்.

நாயின் பெயரைக் கேட்டதும் அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. “கடல்ல ஆளு போயிருக்கும்போது வீட்டுக்குள்ள சங்கா? அது செத்த வீட்டுல ஊதுறதுட்டி, மூதி!” என்றாள். பெயரை மாற்ற நான் சம்மதிக்கவில்லை.

அப்பா போன அன்று ராத்திரியே அது ஆரம்பித்தது. முதலில் சின்ன முனகல். பிறகு மூக்கை மேலே தூக்கி ஓர் இழு இழுத்தது. உள்ளங்கை அளவு உடம்புக்குள் அவ்வளவு பெரிய ஊளை எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான். அது யுத்தக் காலம். கடற்கரை ஊர் என்பதால் ராத்திரியில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. தெருவில் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு சுற்றுவார். விளக்கில்லாத ஊரில் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும். எங்கள் நாயின் அழுகை தெருக்கோடிவரை போயிற்று.

சாக்கை விரித்துப் பார்த்தோம். அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிப் பார்த்தோம். அடுப்பில் செங்கல்லைச் சுட வைத்து, துணியில் பொதிந்து, பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். நான் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தேன். கொஞ்ச நேரம் அடங்கும். கண் அசந்தால் மறுபடியும் மூக்கு மேலே போகும். ஊளை கேட்டதும் பின்கதவில் அத்தை வந்து நிற்பாள். திட்டக்கூட மாட்டாள். இருட்டில் ஒன்றும் பேசாமல் நிற்பாள். திட்டியிருந்தால் எனக்கு அத்தனை பயம் இருந்திருக்காது.

வழக்கமாகத் தோணி கரை சேர்ந்ததும் மண்டிக்குத் தந்தி வரும். மண்டி ஆள் வாசலில் வந்து, “அண்ணாச்சி போய்ச் சேந்தாச்சு” என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போவான். அந்த முறை ஆள் வரவில்லை. ஐப்பசிக் காற்று திடீரென்று திரும்பி அடித்தது. கடல் இரைச்சல் எங்கள் அடுக்களைவரைக்கும் கேட்டது. அப்பாவின் தோணிக்குப் பிறகு கிளம்பிய ஒரு தோணி பாய் கிழிந்து பாதியில் திரும்பி வந்தது. அதிலிருந்தவர்கள் அப்பாவின் தோணியைப் பார்க்கவில்லையாம். இதைச் சொல்ல வந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் என் நாயைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு தெருவே நாயைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்து, “இதுதானா அழுதது?” என்று கேட்டார்கள். நாய் அழுகிற வீட்டில் என்ன நடக்கும் என்பதை எல்லோரும் பாதி பாதியாகச் சொன்னார்கள்; மீதியை என் எதிரே சொல்லக்கூடாது என்று கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். மீதியை நானே யூகித்துக்கொண்டேன்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் அத்தை வந்தாள். அம்மா கொடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களில் அவள் அங்கேதான் உட்கார்ந்தாள்.

“ஏளா, இன்னைக்கு ராத்திரி ஒரு சத்தம் வந்துதுன்னா விடிஞ்சதும் உப்பளத்து வண்டிக்காரங்கிட்ட குடுத்துருவேன். எங்கனயும் கொண்டுபோய்ப் போடட்டும். எந்தம்பி கடல்ல கெடக்கான்.”

அம்மா, “சரி மைனி” என்றாள்.

உப்பளத்தில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அங்கே நிழல் கிடையாது, குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் கிடையாது. அப்பா நெஞ்சில் வைத்துக் கொண்டுவந்த நாயை அங்கே போடுவதா? அம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்று ராத்திரி நான் தூங்கப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அம்மா அசந்து கண்ணை மூடும்வரை சங்குவின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். அது என் பிடியிலிருந்து நழுவித் தத்தித் தத்திப் போயிற்று. எங்கே போகிறது என்று தவழ்ந்து பின்னாலேயே போனேன். கொடிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தது. மூக்கை மேலே தூக்கியது. ஊளையிடப்போகிறது என்று நினைத்து எனக்கு உயிரே போயிற்று. ஊளை வரவில்லை. அது மோந்து பார்த்தது. மேலே கிடந்த சட்டையை மோந்து பார்த்தது. எனக்குச் சட்டென்று புரிந்தது.

சட்டையை எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. கை எட்டும் தூரத்தில் சட்டையின் ஒரு கை தொங்கியது. அதை மட்டும் மெதுவாக இழுத்துத் தரைப் பக்கம் விட்டேன். நாய் அதில் மூக்கை வைத்தது. ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான், தூங்கிவிட்டது. அத்தனை நாளும் செங்கல்லைச் சுட்டுக்கொண்டிருந்தோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு நானும் தூங்கிவிட்டேன்.

அம்மாவின் குரல்தான் எழுப்பியது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். தூக்கத்தில் நாய் சட்டையை முழுவதுமாக இழுத்துப் போட்டு, அதன்மேல் சுருண்டு படுத்திருந்தது.

அம்மா அதைப் பிடுங்கினாள். விளக்கேற்ற வழியில்லை. இருட்டிலேயே சட்டையை மடியில் விரித்துக் காலர், கை, முதுகு என்று ஒவ்வோர் இடமாக விரலால் தடவினாள். விரலை நம்பாமல் ஒவ்வோர் இடத்தையும் கன்னத்தில் ஒட்டிப் பார்த்தாள். “ஏட்டி, நனஞ்சிருக்கா? இங்கன தொடு. நனஞ்சிருக்கா?” என்று என் கையைப் பிடித்து வைத்தாள். எனக்கு எல்லா இடமும் ஈரமாகத் தோன்றியது. அப்பா அந்நேரம் தண்ணீருக்குள் இருக்கிறார், நான் சட்டைக் கையை இழுத்துவிட்டதால் இருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா இரண்டாவது தடவையும் முழுவதுமாகத் தடவி, கடைசியில் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு, “காஞ்சுதான் இருக்கு, காஞ்சுதான் இருக்கு” என்றாள்.

அந்த நேரம் பார்த்து நாய் விழித்தது. சட்டை இல்லை என்று கண்டதும் தொண்டையைத் திறந்தது. அதுவரை அழுததெல்லாம் ஒத்திகை என்று சொல்லும்படியாக அழுதது.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை உள்ளே வந்தாள். அம்மாவின் கையிலிருந்த சட்டை அந்த இருட்டிலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“சட்டையவா போட்டிய நாய்க்கு?”

நான்தான் அழுதுகொண்டே சொன்னேன்: “அப்பா வாசம் இருந்தாத்தான் ஒறங்குது அத்த. வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.”

அத்தை அப்படியே நின்றாள். அடி விழும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழவில்லை. அவள் குனிந்து நாயின் பிடரியைப் பிடித்துத் தூக்கினாள். “கதவச் சாத்திட்டுப் படுங்க” என்றாள். போய்விட்டாள்.

நான் கதவுக்கு ஓடினேன். அம்மா இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாய் ஒரு தடவை ஊளையிட்டது. பிறகு டிரங்குப் பெட்டியின் மூடி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. முனகல்கூட இல்லை. பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாளா? வாயைக் கட்டிவிட்டாளா? சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை நாள் அந்த ஊளை எப்போது நிற்கும் என்று ஏங்கியிருக்கிறேன். நின்றபோது அதைப்போலக் கொடுமை வேறில்லை.

கருக்கலில் கிணற்று ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் வாளி தண்ணீரில் விழும் சத்தம். கிணறு! அம்மாவின் கையை உதறிக்கொண்டு வெளியே ஓடினேன்.

அத்தை துவைகல்லருகே நின்றாள். அவள் காலடியில், குளித்த நாய்க்குட்டி ஒன்று உடம்பை உதறி உதறி அவள் சேலையையெல்லாம் நனைத்துக்கொண்டிருந்தது. உயிரோடுதான் இருந்தது. நான் அதை அள்ளிக்கொண்டேன். அத்தை என்னைக் கவனிக்கவில்லை. கல்லின் மேல் ஒரு சட்டையைப் போட்டுச் சோப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆம்பளைச் சட்டை. அப்பாவுடையது இல்லை. மஞ்சள் பாய்ந்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்துபோன சட்டை. அடித்துத் துவைக்காமல் கைக்குள் வைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கசக்கினாள்.

என் பின்னாலேயே வந்த அம்மா கிணற்றடியில் நின்றுவிட்டாள்.

“மைனி, அது அண்ணாச்சி கடலேறுன அன்னைக்குக் கழத்திப் போட்ட சட்டையில்லா! என்ன காரியம் செஞ்சிட்டிய!”

“மோண்டு வச்சிட்டு, சவம். பொறவு துவைக்காம என்ன செய்ய?” என்றாள் அத்தை. சட்டையைப் பிழிந்து, உதறி, வெளிக்கொடியில் தெருவே பார்க்கும்படி விரித்துப் போட்டாள். அப்புறம் திரும்பாமலே கேட்டாள்: “ஒன் வீட்டுச் சட்ட நனையலல்லா?”

“இல்ல மைனி.”

“அது போதும்.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு சட்டையைத் துவைத்ததற்கு இத்தனை அழுகையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நாய்தான் பிழைத்துவிட்டதே, மாமாவின் சட்டையும் சுத்தமாகிவிட்டதே. எனக்கிருந்த குறை வேறு. அன்றிலிருந்து சங்கு அத்தை வீட்டை விட்டு வர மறுத்துவிட்டது. துவைத்துக் காய்ந்த அந்தச் சட்டையையே அத்தை அதற்குப் படுக்கையாகப் போட்டுவிட்டாள். இப்போது அதில் சோப்பு வாசனைதான் இருந்தது, மனித வாசம் இல்லை. ஆனாலும் அத்தை பக்கத்தில் படுத்திருந்தால் அதற்குப் போதுமானதாக இருந்தது. ராத்திரியில் ஒரு முனகல் கிடையாது. நன்றிகெட்ட நாய் என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து மண்டி ஆள் தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். அப்பாவின் தோணி பாய்மரம் முறிந்து, இலங்கைக் கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் ஒதுங்கியிருந்ததாம். எல்லோரும் பத்திரம். அம்மா முதல் வேலையாகக் கொடியிலிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். சோப்பைவிட அதில் கண்ணீர்தான் அதிகம்.

அப்பா தாடியும் மீசையுமாக வந்து சேர்ந்தார். கையில் தகர டப்பா இருந்தது. நான் ஓடினேன். அவரோ அத்தை வீட்டு நடையில் சட்டைமேல் படுத்திருந்த நாயைப் பார்த்து நின்றுவிட்டார். முதலில் நாயைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, அத்தையின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். “அக்கா” என்றார். அத்தை அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். செத்துப் பிழைத்து வந்த மனிதர் என்னைத் தூக்காமல் அங்கே உட்கார்ந்து அழுதது எனக்குப் பொறுக்கவில்லை. டப்பாவை நானே திறந்துகொண்டேன்.

அதற்கடுத்து வந்த ஒருநாள் காலையில், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து அத்தை வீட்டில் கூடினார்கள். என்னைப் பிஸ்கோத்தோடு அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அத்தை வெள்ளைச் சேலை கட்டி நடையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. வந்த ஆட்களுக்குச் சமைத்துப் போடும் அவசரத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது, இத்தனை பெரியவர்கள் இருந்து ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லையே என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்குள் ஓடி, அம்மாவின் குங்குமச் சிமிழை எடுத்துவந்து அத்தையின் முன்னால் நீட்டினேன்.

“பொட்டு வைக்க மறந்துட்டிய அத்த.”

யாரோ என்னை அதட்ட வாயெடுத்தார்கள். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் விரலைச் சிமிழுக்குள் தொட வைத்து, மடியருகே படுத்திருந்த சங்குவின் நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு பொட்டு வைக்கச் செய்தாள். கறுப்பு நெற்றியில் சிவப்புப் பொட்டு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தையும் சிரித்தாள். நாயைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் காட்ட வளவெல்லாம் ஓடினேன். அத்தை ஏன் சிமிழைத் தொடவே இல்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.